திறப்பு விழாவுக்கு முன் திறக்கக் கூடாது

கல்கத்தா நியூ டவுனில் பஸ் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் மூளையை ஆராய்கிறவர்களுக்கு நம்பகமான ஆன்டிபாடிகளை இலவசமாக வழங்குவதற்காகக் கட்டியது. பெயர், தேசிய நரம்பியல் ஆன்டிபாடித் திறந்த வளம். ‘கேட்பவர் எவருக்கும்’ என்று வங்காளம், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் வாசல் சுவரில் ஆள் உயரத்துக்குப் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போக மூன்று கையெழுத்து வேண்டும்.

சிவராஜ் அங்கே சரிபார்ப்பு அலுவலர். வயது முப்பத்திரண்டு. வேலைக்கு வந்து ஐந்து மாதம். மனைவி இறந்து பத்து மாதம். கார்டன் ரீச்சிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். வழியில் யாராவது மஞ்சள் குடையோடு இறங்கினால் அவனும் இறங்கிவிடுவான். அது ஜெயப்ரியா இல்லை என்று தெரிந்ததும் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான். இதனால் மாதத்தில் நான்கைந்து நாள் தாமதம். தாமதத்துக்குக் காரணம் எழுதும் படிவத்தில் ‘போக்குவரத்து’ என்று எழுதுவான். அதற்கு மேல் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆன்டிபாடி என்றால் என்ன என்று அவன் அப்பா மாணிக்கம் ஒரு தடவை மருமகளிடம் கேட்டார். ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். அவருக்குப் புரிகிற மாதிரி ஜெயப்ரியா சொன்னாள்.

“ஹவுரா ஸ்டேஷன்ல ஆயிரம் பேர் இறங்கறாங்க மாமா. அதுல ஒருத்தரை மட்டும் அடையாளம் பார்த்துக் கையைப் பிடிச்சுக்கற ஆள். மூளைக்குள்ள ஆயிரக்கணக்கான புரதம் இருக்கு. நமக்கு வேண்டியது எங்கே இருக்குன்னு காட்டறது ஆன்டிபாடிதான்.”

“ஆள் அந்த வண்டில வரலைன்னா?”

“யார் கையையும் பிடிக்காம சும்மா திரும்பி வரணும். அதுதான் நல்ல ஆன்டிபாடி.”

அவளுக்கு அது அனுபவத்தில் தெரிந்தது. கடையில் வாங்கிய ஆன்டிபாடி ஒன்றை நம்பி இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்தாள். அது கண்டவர் கையையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது என்று மூன்றாம் வருஷம் தெரிந்தது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுத் தானே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தாள். அதற்கு இன்னும் இரண்டு வருஷம். கடைசியில் செல்கள் கிடைத்தன. 4C9 என்று எண் போட்டாள். அந்தச் செல்களை வளர்த்தால் ஆன்டிபாடி வந்துகொண்டே இருக்கும். பத்துக் குப்பிகளில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் போட்டாள். “யார் கேட்டாலும் குடுத்துடணும். எனக்கு ஆனது இன்னொருத்தருக்கு ஆகக் கூடாது,” என்றாள். அது செப்டம்பர். அக்டோபரில் டெங்கு. காய்ச்சலின் ஆறாவது நாள், லட்சுமி பூஜை அன்று, போய்விட்டாள்.

அவளுடைய பேராசிரியர் குப்பிகளைத் திறந்த வளத்துக்குக் கொடுத்தார். குப்பிகள் பின்னாலேயே சிவராஜும் விண்ணப்பம் போட்டு வந்தான். ஏன் இந்த வேலை என்று நேர்காணலில் கேட்டார்கள். “பக்கத்தில் இருக்கலாம்,” என்றான். வீடு பக்கத்தில் என்று எழுதிக்கொண்டார்கள்.

நாட்டின் மற்ற பேராசிரியர்களும் தாராளமாக அள்ளிக் கொடுத்திருந்தார்கள். ஆளுக்குச் சில துளி ஆன்டிபாடி. அதைச் சுரக்கும் செல்களைத் தங்கள் அறையிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். ஆகவே ஆறாவது மாடியில், அலுமினியக் கேன் ஒன்றில், நைட்ரஜனுக்குள் உயிரோடு இருந்தவை ஜெயப்ரியாவின் பத்துக் குப்பிகள் மட்டும்தான்.

வந்து சேர்ந்த நாற்பத்தெட்டு ஆன்டிபாடிகளையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விதிப்புத்தகம் சொன்னது. வேறு யாரும் சொல்லவில்லை. சிவராஜ் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டான். அது அவனுக்கு முன்னால் யாரும் செய்யாத காரியம்.

சோதனைக்கு அந்தந்தப் புரதம் இல்லாத எலி வேண்டும். எலி வேண்டுமென்றால் விலங்கு நலக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை. உறுப்பினர்களைக் குழுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி. சிவராஜ் இரண்டு மாதம் காத்திருந்தான். பிறகு, மூளை என்பதே இல்லாத பொருள் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் தேடினான். கேன்டீனில் புதன்கிழமை பிரியாணி. கல்கத்தாவில் பிரியாணி என்றால் அதில் உருளைக்கிழங்கு ஒன்று முழுசாக இருக்கும். கழுவி, அரைத்து, சோதித்தான்.

நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டன. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று, அழுத்தமாகப் பிடித்தது PR-7. அது இயக்குநர் பட்டாபிராமனுடையது. அதை வைத்து அவர் நூற்று நாற்பது கட்டுரைகள் எழுதியிருந்தார்.

பட்டாபிராமன் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிறது. கூட்டங்களில் ஆங்கிலமும், அமைச்சர்களிடம் இந்தியும், டிரைவரிடம் வங்காளமும் பேசுவார். திட்டுவதற்கும் தட்டிக்கொடுப்பதற்கும் கதவைச் சாத்திவிட்டுத் தமிழ்.

“உக்காருப்பா. என்ன இது?”

“உருளைக்கிழங்கு சார்.”

“பிரியாணியோடதா?”

“ஆமா சார். நல்லாக் கழுவிட்டேன்.”

“என் ஆன்டிபாடி இதைப் பிடிச்சிண்டிருக்கு.”

“ரெண்டு தடவை பார்த்தேன் சார்.”

பட்டாபிராமன் சோதனைப் படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். கோபம் வரும் என்று சிவராஜ் எதிர்பார்த்தான். ஆனால் அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“உருளைக்கிழங்குல மூளைப் புரதம் இருக்கலாம்னு நமக்கு ஏன் இத்தனை நாள் தோணலை?”

சிவராஜ் படத்தை வாங்கிக் கோப்பில் வைத்தான்.

“நூத்தி நாப்பத்தி ஒண்ணாவது பேப்பர். உன் பேரையும் கடைசில போட்டுக்கலாம். சரி, மத்த முப்பதையும் பத்தி ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கே? ‘நம்பத்தக்கதல்ல’வா? சோதிச்சுப் பார்த்துட்டு நம்பறதுக்குப் பேர் நம்பிக்கையாப்பா? அது சந்தேகம். இது நம்பகமான ஆன்டிபாடிகளோட இடம். இங்கே வந்துடுத்துன்னாலே அது நம்பகம்தானே. இல்லேன்னா ஏன் இங்கே வருது?”

“அது எல்லாத்தையும் பிடிக்குதே சார்.”

“யாரையும் ஒதுக்கலைன்னு சொல்லு. திறந்த வளத்துல திறந்த மனசுள்ள ஆன்டிபாடி இருந்தா என்ன தப்பு? 4C9-னு ஒண்ணு இருக்கே, அதைப் பாரு. ஒண்ணே ஒண்ணைத்தான் பிடிக்கும்னு அடம். ரொம்பக் குறுகின புத்தி.”

சிவராஜ் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். 4C9 யார் செய்தது என்று பட்டாபிராமனுக்குத் தெரியாது. படிவத்தில் ‘வழங்கியவரின் பதவி’ என்ற கட்டத்தில் ‘காலமானார்’ என்று இருந்ததால், பதவி இல்லாதவர் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் தரநிர்ணயக் குழு கூடியது. வழங்கியவரின் பணிமூப்பு வரிசைப்படி நாற்பத்தெட்டுக்கும் நம்பகச் சான்று கொடுத்தது. PR-7 முதலாவது. 4C9 நாற்பத்தெட்டாவது.

இதற்கிடையே கடிதங்கள் வரத் தொடங்கின. மற்றவற்றை யாரும் கேட்கவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு ஒன்பது பேர் 4C9-ஐக் கேட்டு எழுதியிருந்தார்கள். எல்லாரும் சின்ன ஊர் ஆய்வகங்களில் இருக்கிற மாணவர்கள். திருச்சியிலிருந்து மஹிமா என்ற பெண் மூன்று தடவை எழுதினாள். கடையில் வாங்கிய ஆன்டிபாடி தன்னை ஒன்றரை வருஷம் ஏமாற்றிவிட்டது, இன்னும் ஆறு மாதத்தில் உதவித்தொகை முடிகிறது என்று மூன்றாவது கடிதத்தில் இருந்தது.

ஒன்பது பேருக்கும் நிர்வாக அதிகாரி ஹால்தார் பாபு ஒரே பதிலை அனுப்பினார். அதை அவரே எழுதி, அவரே ரசித்து, சிவராஜுக்கும் படித்துக் காட்டினார். அவருடைய வங்காள நாக்கில் சிவராஜ் ‘ஷிப்ராஜ்’ ஆகிவிடுவான்.

“‘இவ்வளம் அனைவருக்கும் உரியது. அனைவருக்கும் உரியதை ஒருவருக்கு வழங்குவது மற்ற அனைவருக்கும் இழைக்கும் அநீதி. எனவே தங்கள் கோரிக்கை மிகுந்த மகிழ்ச்சியுடன் நிராகரிக்கப்படுகிறது.’ எப்படி ஷிப்ராஜ்?”

“மகிழ்ச்சி எதுக்கு, ஹால்தார் பாபு?”

“வெறுமனே நிராகரிச்சா மனசு கஷ்டப்படும்ல?”

ஜூலை கடைசியில் திறப்பு விழா நிச்சயமானது. அடிக்கல்லுக்கு ஒரு விழா, கட்டடத்துக்கு ஒரு விழா, லிஃப்ட்டுக்கு ஒரு விழா ஏற்கெனவே ஆகிவிட்டதால் திறக்க எதுவும் மிச்சமில்லை. கேனைத் திறக்கலாம் என்றார் பட்டாபிராமன். மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை வரும், போட்டோவில் நன்றாக விழும். டாலிகஞ்சிலிருந்து டெகரேட்டர் பல்ட்டு-தாவை வரவழைத்தார்கள். வங்காளத்தில் ‘தாதா’ என்றால் அண்ணன்; பெயரோடு ஒட்டினால் ‘தா’. துர்கா பூஜைக்குப் பந்தலும் சினிமா ஸ்டுடியோவுக்கு செட்டும் போடுகிற மனுஷர். சிவப்பு சாட்டின் ரிப்பனைக் கேனைச் சுற்றி, மூடிக்கு மேலே குறுக்காகக் கொண்டுவந்து, உச்சியில் தாம்பாளம் அளவுக்கு ஒரு ரிப்பன் பூ வைத்தார். முன்னால் முடிச்சு. முடிச்சின் மேல் ஹால்தார் பாபு அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். போட்டோ எடுத்து டெல்லிக்கு அனுப்பினார்கள். டெல்லியிலிருந்து ரிப்பனுக்கு ஒரு கோப்பு எண் வந்தது.

விழாவுக்கு முதல் நாள் மழை. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். இணை அமைச்சர் வரவில்லை. அடுத்த தேதிக்கு வேறொருவர் இணை அமைச்சராகிவிட்டார். கல்வெட்டில் பெயர் மாற்ற மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

நைட்ரஜன் சும்மா இருக்காது. மூடி போட்டிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாராவாரம் மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து, மேலே ஊற்ற வேண்டும். சிவராஜ் ஹால்தார் பாபுவிடம் போனான்.

“மூடியைத் திறக்கணும்.”

“விழாவுல திறப்போம்.”

“நைட்ரஜன் ஊத்தறதுக்கு.”

“திறப்பு விழாவுக்கு முன்னாடி திறந்தா, அப்புறம் திறப்பு விழால என்ன திறக்கறது? அப்படிப் பார்த்தா நைட்ரஜனே வாங்க முடியாது ஷிப்ராஜ். திறக்கப்படாத கருவிக்கு நுகர்பொருள் வாங்க விதி இல்ல.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னான். வீட்டில் இருவரும் பேசிக்கொள்வது குறைவு. மாணிக்கம் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“உள்ளே எவ்வளவு இருக்குன்னு தெரியணும். அவ்வளவுதானே?”

“மூடியைத் தொட முடியாதுப்பா.”

“பார்சலை என்னிக்குடா நாங்க பிரிச்சுப் பார்த்தோம்? எடை போடு.”

மறுநாள் சிவராஜ் பழைய எடை மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்தான். இரண்டு காவலாளிகள் ரிப்பனை நலுங்காமல் கேனைத் தூக்கி அதன் மேல் வைத்தார்கள். முப்பத்தொன்பது கிலோ. காலிக் கேன் பதினைந்து. ஒரு நாளைக்கு நானூற்றைம்பது கிராம் குறைந்தது. பதினேழுக்குக் கீழே போனால் குளிர் குப்பிகளுக்கு எட்டாது. அதற்கப்புறம் அவை வெறும் குப்பிகள்.

அவன் தினமும் காலையில் போய்க் கேனுக்கு முன்னால் நின்று எண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். இறப்புச் சான்றிதழ் வாங்கின நாளிலிருந்து அவனுக்குப் பயம் என்பதே வந்ததில்லை. இப்போது காலை பத்து மணிக்கு மட்டும் லேசாக வந்தது.

எடை மெஷின் வந்ததில் ஹால்தார் பாபுவுக்கு மகிழ்ச்சி. சரக்கு இருப்பை அவர்தான் சரிபார்ப்பவர். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“வாங்கின ரசீதுல கேனோட எடை பதினஞ்சுன்னு இருக்கு. இங்கே முப்பத்தி எட்டு காட்டுது. இருபத்தி மூணு கிலோ கூடுதல். எங்கிருந்து வந்தது?”

“நைட்ரஜன்.”

“நைட்ரஜன்னா?”

“காத்துல இருக்கறதுதான். குளிர வச்சது.”

“காத்தைச் சரக்குல எழுத முடியாது. ‘விளக்கமற்ற கூடுதல்’னு போட்டுக்கறேன். சீக்கிரம் சரி பண்ணுங்க.”

செப்டம்பர் நடுவில் எடை இருபத்தேழுக்கு வந்தது. ஹால்தார் பாபு மறுபடி வந்து பார்த்து, ‘முன்னேற்றம் திருப்திகரம்’ என்று எழுதினார்.

சிவராஜ் இயக்குநருக்கு நான்கு கடிதம் எழுதினான். நான்காவதன் பலனாக ரிப்பன் துணைக்குழு அமைந்தது. ஐந்து பேராசிரியர்கள் பெங்களூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் விமானத்தில் வந்து, ரிப்பனைச் சுற்றி நின்றார்கள். நீளம், அகலம், பூவின் விட்டம் எல்லாம் அளந்தார்கள். பூவின் விட்டம் இருபத்து மூன்று சென்டிமீட்டர். கேனுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நேரமின்மையால் அந்தக் கேள்வி அடுத்த அமர்வுக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

பட்டாபிராமன் நிறைவுரை ஆற்றினார்.

“அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நண்பர்களே, ஒருமுறை அவிழ்த்த ரிப்பனை வெட்டும்போது அமைச்சர் உண்மையில் எதை வெட்டுகிறார்? அறிவியல் என்பது நேர்மை. டெல்லிக்கு அனுப்பிய போட்டோவில் இருக்கும் அதே ரிப்பன் அதே நிலையில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது மாறலாம். அது இயற்கை. வெளியே இருப்பதைக் காப்பது நம் பொறுப்பு.”

எல்லாரும் கைதட்டினார்கள். ரிப்பனைப் பார்த்தபடி ஒரு கேமரா பொருத்தவும், ஈரக் காற்றில் அது சுருங்கியிருப்பதால் டெகரேட்டரை வரவழைத்து இஸ்திரி போடவும் துணைக்குழு பரிந்துரைத்தது. டெகரேட்டரைத் தவிர வேறு யாரும் ரிப்பனைத் தொடக் கூடாது.

மஹாலய அமாவாசைக்கு முந்தின நாள் எடை பதினெட்டரை. சிவராஜ் லீவு போட்டுவிட்டு டாலிகஞ்ச் போனான். பல்ட்டு-தா ஒரு பந்தலின் மூங்கில் சாரத்தில், மூன்றாவது அடுக்கில் உட்கார்ந்து தெர்மோகோல் தாமரைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். கீழே இறங்கவில்லை.

“பூஜை முடியட்டும் பாய். இப்ப என் அப்பா வந்து கூப்பிட்டாக்கூட வர முடியாது.”

சிவராஜ் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னான். கேன், குப்பி, பதினேழு கிலோ. அண்ணாந்து பேசியதில் கழுத்து வலித்தது. யார் செய்த குப்பி என்பதையும் சொல்லிவிட்டான். ஏன் சொன்னான் என்று தெரியவில்லை. ஆபீஸில் யாரிடமும் அவன் சொன்னதில்லை.

மேலே ஒட்டுவது நின்றது.

“துணைக்குழுன்னியே. எத்தனை பேர்?”

“அஞ்சு பேராசிரியர்.”

“பூவை அளந்தாங்களா?”

“இருபத்தி மூணு சென்டிமீட்டர்.”

“தூக்கிப் பார்த்தாங்களா?”

“இல்ல.”

பல்ட்டு-தா வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டார்.

“முப்பது வருஷமா ரிப்பன் கட்டறேன் பாய். எந்த அமைச்சராவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கானா? அதுவரைக்கும் கட்டடத்துக்குள்ள ஜனங்க போய் வரணும்ல? மாடல் ஸ்கூல் ஒண்ணு, ரிப்பன் கட்டி ஒன்றரை வருஷம் நடந்தது. பூவுக்கு அடியில பிரஸ் பட்டன் வச்சிருக்கேன். எல்லா ரிப்பன்லயும் வைப்பேன். பூ எதுக்கு இருக்குன்னு நினைச்சே, அழகுக்கா?”

வெகுநாள் கழித்து சிவராஜுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

“திறந்து நைட்ரஜன் ஊத்திட்டா சரியாப் போயிடுமா?” என்றார் பல்ட்டு-தா.

“வாங்கித் தர மாட்டாங்க.”

“தந்தா?”

சிவராஜ் யோசித்தான். தந்தால் வாராவாரம் ஊற்றலாம். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் ஊற்றலாம். குப்பிகள் பத்திரமாக, யாருக்கும் போகாமல், அவனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவன் இத்தனை நாள் கேட்டது அதைத்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜெயப்ரியா கேட்டது அது இல்லை.

“பல்ட்டு-தா, சினிமாவுல புகை விடுவீங்களே. அது எதுல?”

“டிரை ஐஸ். எவ்வளவு வேணும்?”

பல்ட்டு-தா மறுநாள் காலை இஸ்திரிப் பெட்டியும் டெம்போவும் ஒன்பது தெர்மோகோல் பெட்டிகளுமாக வந்து இறங்கினார். பெட்டிகள் எல்லாம் போன வருஷப் பந்தலை அறுத்துச் செய்தவை. ஒன்றில் தாமரை இதழ், ஒன்றில் அசுரனின் மீசை, ஒன்றில் சிங்கத்தின் வால். உள்ளே டிரை ஐஸ் புகைந்தது. அலங்காரப் பொருள் என்று வாசலில் எழுதிக்கொடுத்தார். கேமரா எதிரில் நிதானமாக ரிப்பனுக்கு இஸ்திரி போட்டார். கேமராவில் பதிவதைப் பார்க்க இன்னும் யாரையும் நியமிக்கவில்லை. பிறகு பூவைத் தூக்கினார். ‘டக்’கென்று ஒரு சத்தம். அரக்கு முத்திரை அசையவே இல்லை. ரிப்பன் கதவு மாதிரி விலகியது.

சிவராஜ் மூடியை எடுத்தான். அடியில் கொஞ்சம் வெண்மை மிச்சமிருந்தது. எடை பதினெட்டு கிலோ. குப்பிகளின் மேல் அவள் கையெழுத்தில் 4C9 என்று இருந்தது. நான்கின் வாலை எப்போதும் போலக் கீழே இழுத்திருந்தாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிகளில் வைத்தான். கடிதங்கள் ஒன்பது, குப்பிகள் பத்து. பத்தாவதை ஒரு நிமிஷம் கையுறைக்குள் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வச்சுக்கோயேன்,” என்றார் பல்ட்டு-தா.

“வீட்ல மைனஸ் நூத்தித் தொண்ணூறு டிகிரி இல்ல.”

அதையும் மஹிமாவின் பெட்டியில் போட்டான். அவள் மூன்று தடவை எழுதியிருந்தாள்.

மூடியும் ரிப்பனும் பூவும் பழையபடி ஆயின. அனுப்புகைப் பதிவேட்டில் ‘அதிகாரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘வாசல் சுவர்’ என்று எழுதினான். வெளியே கொண்டுபோகும் சீட்டில், பந்தல் கழிவு ஒன்பது என்று போட்டு ஹால்தார் பாபு தாமே கையெழுத்து வைத்தார். கட்டடம் சுத்தமாவதில் அவருக்கு அக்கறை உண்டு. பெட்டிகளை மாணிக்கம் ஹவுராவில் காத்திருந்து வாங்கினார். ஒவ்வொன்றாக எடை போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ‘சீக்கிரம் கெடும் பொருள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பழைய பழக்கத்தில் எந்த வண்டியில் எந்தப் பெட்டி என்பதைக் கேட்காமலே பிரித்து வைத்தார். ஒரு பெட்டியை மட்டும் சிறிது நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு கிலோ அறுநூறுடா,” என்றார்.

காளி பூஜைக்குப் பிறகு இணை அமைச்சர் வந்தார். அதற்கு முன்தினம் பல்ட்டு-தா மறுபடி வந்து, காலிக் கேனில் வெந்நீரும் டிரை ஐஸும் எப்போது போட வேண்டும் என்று சிவராஜுக்குச் சொல்லிக்கொடுத்தார். அமைச்சர் ரிப்பனை வெட்டி மூடியைத் தூக்கியதும் அரங்கமே மறைகிற அளவுக்குப் புகை வந்தது. எந்த நைட்ரஜனும் இவ்வளவு புகை விட்டதில்லை. அமைச்சர் உணர்ச்சிவசப்பட்டார்.

பட்டாபிராமன் மைக்கைப் பிடித்தார்.

“இன்று முதல் இந்த வளம் அனைவருக்கும் திறந்திருக்கிறது. எனவே இன்று முதல் பாதுகாப்பை இருமடங்காக்கியிருக்கிறோம். தொடங்கிய நாளிலிருந்து எங்கள் ஆன்டிபாடி சரியில்லை என்று ஒரு புகார்கூட இல்லை. ஒருவரும் பெறாத நிலையில் இது சாத்தியமாயிற்று என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்.”

இறங்கி வந்ததும் சிவராஜின் தோளில் கை வைத்தார்.

“குப்பியெல்லாம் பத்திரமா இருக்கோல்லியோ?”

“பத்திரமா இருக்கு சார்.”

இரண்டு நாள் கழித்து, சிவராஜ் தண்ணீரைக் கொட்டித் துடைத்து வைத்திருந்த கேனை ஹால்தார் பாபு பதிவேட்டோடு வந்து எடை போட்டார். சரியாகப் பதினைந்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முப்பது வருஷப் பணியில் ரசீதோடு கிராம் பிசகாமல் ஒத்துப்போன சரக்கை அவர் கண்டதில்லை. ‘குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அந்த வருஷம் சிறந்த பராமரிப்புக்கான சுழற்கோப்பை கேனுக்குக் கிடைத்தது. கேன் சார்பில் பட்டாபிராமன் பெற்றுக்கொண்டார்.

டிசம்பரில் ஒரு மாலை மஹிமாவிடமிருந்து மெயில் வந்தது. கூட ஒரு படம்.

‘சார், செல்கள் நன்றாக வளர்ந்துவிட்டன. படத்தில் இடது பக்கம் சாதாரண எலி. ஒரே ஒரு கோடு, பளிச்சென்று தெரிகிறது. வலது பக்கம் அந்தப் புரதம் இல்லாத எலி. அங்கே ஒன்றுமே இல்லை சார். சுத்தமாக வெறுமை. இத்தனை வெறுமையை நான் பார்த்ததில்லை. ஏதாவது தவறு செய்துவிட்டேனா? இன்னொன்று, பெட்டியின் மேல் ஒரு சிங்கத்தின் வால் இருக்கிறது. அது உங்கள் நிறுவனச் சின்னமா? கட்டுரையில் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?’

சிவராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இடது பக்கக் கோட்டைப் பார்த்தான். பிறகு வலது பக்கத்தைப் பார்த்தான். அதிகநேரம் வலது பக்கத்தையே பார்த்தான்.

பதில் எழுதினான்.

‘தவறு இல்லை. இல்லாத இடத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. சின்னம்தான். செய்தவர் பெயர் சி. ஜெயப்ரியா. வளர்ந்த செல்களில் பாதியை உறைய வையுங்கள். யார் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.’

மறுநாள் காலை பஸ்ஸில் முன்னால் ஒரு மஞ்சள் குடை. சிங்க்ரிஹாட்டா ஸ்டாப்பில் எழுந்து படிக்கட்டுக்குப் போனது. கண்டக்டருக்கு அவனைப் பழக்கம். கைப்பிடியைத் தட்டி வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“தாதா, இறங்கலையா?”

சிவராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஐம்பது வயதிருக்கும். கையில் மீன் பை. குடையை விரித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார்.

“இல்ல. போகலாம்.”

அன்று அவன் ஒன்பதரைக்கே ஆபீஸில் இருந்தான். சீக்கிரம் வந்ததற்குக் காரணம் எழுத அவர்களிடம் படிவம் இல்லை.